பூட்டின வீட்டு மீட்டர்

நாயைப் பற்றிக் கேட்டால் நான் நாள் முழுக்கப் பேசுவேன். மீட்டர் ரீடிங் எடுக்கிற யாரைக் கேட்டாலும் அப்படித்தான். எந்தச் சந்தில் எந்த நாய் சும்மா குரைக்கும், எது குரைக்காமல் பின்னால் வந்து கெண்டைக்காலைக் கவ்வும் என்பதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். ஆனால் இந்த வேலையில் என்னை நிஜமாகவே பயமுறுத்துவது நாய் இல்லை. பூட்டின வீடுதான்.

வாசலில் பூட்டு தொங்கும். ஊருக்குப் போய்விட்டார்கள், ஆளே இல்லை என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தால் அதிலிருக்கும் சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். அது சிமிட்டினால் உள்ளே ஏதோ ஒன்று கரண்டு குடிக்கிறது என்று அர்த்தம். படபடவென்று சிமிட்டினால் பெரிய பொருள், ஆறஅமரச் சிமிட்டினால் சின்னது. பெரும்பாலும் ஃபிரிட்ஜாகத்தான் இருக்கும். ஒருமுறை விம்கோ நகரில், பழைய தொழிற்சாலைக் காலத்து வரிசை வீடு ஒன்றில், பூட்டின கதவை ஏதோ யோசனையில் தட்டிவிட்டேன். தட்டியதும் மீட்டரில் சிமிட்டல் நின்றுவிட்டது. உள்ளே யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. ஃபிரிட்ஜ் தானாகவே நின்றிருக்கும், அது அப்படி நின்று நின்றுதான் ஓடும், எனக்குத் தெரியாததா. தெரிந்தும் அடுத்த வீட்டுக்கு ஓடாத குறையாகப் போனேன்.

இதைச் சொன்னால் எங்கள் ஆபீஸில் சிரிப்பார்கள். நான் வாயாடி, யாருக்கும் அடங்காதவள் என்று பெயர் எடுத்தவள். "கரண்டு பில் ஏன் இவ்ளோ வருது" என்று சண்டைக்கு வருகிறவர்களிடம், உங்கள் வீட்டு ஏசியைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேன். வியாசர்பாடிக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள் பூட்டின வீட்டுக்குப் பயப்படுகிறாள் என்றால் யார் நம்புவார்கள்.

ராயபுரத்தில் கடலை ஒட்டிய சந்துகள் என் பங்குக்கு வந்தபோது எனக்குச் சந்தோஷம்தான். மீன் வாடை எனக்கு ஒன்றும் புதிதில்லை. அங்கே பாதி வீடுகள் கத்தோலிக்க வீடுகள். மீட்டர் பெட்டிக்குள் குருத்தோலையில் மடித்த சிலுவையைச் செருகி வைத்திருப்பார்கள். எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜைக்கு மீட்டருக்குப் பொட்டு வைக்கிற வீடுகளும் உண்டு. மீட்டருக்குக் கடவுள் துணை எல்லா இடத்திலும் தேவைப்படுகிறது, பில் கட்டுகிறவர்களுக்கும்தான்.

அந்தச் சந்துகளில் ஒரு விஷயத்தைச் சீக்கிரமே தெரிந்துகொண்டேன். பூட்டின வீட்டு மீட்டர்கூட அங்கே நிற்பதில்லை. காரணம் ஃபிரிட்ஜ் இல்லை. இருதய ஆண்டவர் படம். வீட்டுக்கு வீடு நடுச்சுவரில் அந்தப் படம் மாட்டியிருப்பார்கள், அதன் கீழே ஒரு சின்னச் சிவப்பு பல்பு. அதை அணைக்கவே மாட்டார்கள். ஊருக்குப் போனாலும், வேளாங்கண்ணிக்கு நடந்தே போனாலும், மெயினை நிறுத்தாமல் அந்த பல்பை எரியவிட்டுத்தான் கதவைப் பூட்டுவார்கள். அதனால் பூட்டின வீட்டில் மீட்டர் மெதுவாகச் சிமிட்டினால் அங்கே யாரும் இரண்டாவது முறை திரும்பிப் பார்ப்பதில்லை. ஆண்டவர் குடிக்கிற கரண்டு என்று நானும் என் பாட்டுக்கு ரீடிங்கை போனில் ஏற்றிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விடுவேன்.

அப்படி ஒரு காம்பவுண்டில்தான் அந்த அம்மாவைப் பார்த்தேன். வாசலை ஒட்டிய சுவரில் ஒரே பலகையில் இரண்டு மீட்டர். ஒன்று முன்வீட்டுக்கு, அதில் அந்த அம்மா இருந்தார். மற்றது பின்வீட்டுக்கு. பின்வீடு என்றால் ஒரே அறைதான், மேலே சிமெண்டு ஷீட். பின்பக்கம் கடல் காற்று நேராக அடிக்கிற இடம். கதவில் பூட்டு, பூட்டில் துரு.

நான் இரண்டாவது மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மா பின்னால் வந்து நின்று, "ஓடுதா?" என்று கேட்டார். பில் எவ்வளவு என்று கேட்காத முதல் ஆள். ஓடுகிறது என்றேன். "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். குடிப்பதற்குள் விஷயம் முழுவதையும் சொல்லிவிட்டார். அழாமல், ரேஷன் கடையில் இன்றைக்கு என்ன போடுகிறார்கள் என்று சொல்கிற குரலில் சொன்னார்.

பின்வீடு அவருடைய ஒரே மகனுக்காகக் கட்டியது. கல்யாணத்துக்கு முன்னால் வீடு இருக்கட்டும் என்று மகனே விசைப்படகு சம்பாத்தியத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினானாம். பாதரை அழைத்து வீடு மந்திரித்து, இருதய ஆண்டவர் படம் மாட்டி, வயரை அவன் கையாலேயே இழுத்து பல்பைப் போட்டிருக்கிறான். அதற்குப் பிறகு கடலுக்குப் போனவன் வரவில்லை. படகு கவிழ்ந்து, கூடப் போனவர்களின் உடல்கள் எண்ணூர்ப் பக்கம் ஒதுங்கின. அவனுடையது ஒதுங்கவில்லை. பின்வீட்டுச் சாவி அவன் கழுத்தில், மாதா படம் தைத்த உத்தரியத் துணியோடு சேர்த்துக் கட்டின கயிற்றில் இருந்தது.

பூட்டை உடைத்துவிடலாம் என்று சொந்தக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். கோயிலில் அவன் ஆத்துமாவுக்குப் பூசை வைத்துவிடலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். இந்த அம்மா இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை. சாவி அவனிடம் இருக்கிறது, அவன் வந்து திறப்பான் என்று சொல்லிவிட்டார். உள்ளே விளக்கு எரிகிறவரை அவன் இருக்கிறான். இதுதான் அவர் போட்டிருந்த கணக்கு. ஜன்னல் உள்ளிருந்து சாத்தியிருந்ததால் விளக்கைக் கண்ணால் பார்க்க வழியில்லை. மீட்டர் ஓடுகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் ஒரே வழி. அவருக்கு மீட்டர் பார்க்கத் தெரியாது, அதனால் என்னிடம் கேட்டார். எனக்கு முன்னால் அந்தச் சந்துக்கு வந்தவரிடமும் கேட்டிருக்கிறார்.

யூனிட் என்னவோ சொற்பம். இலவச அளவுக்குள்ளேயே அடங்கிவிடும். யாரும் அந்த வீட்டைத் தேடி வரவேண்டிய அவசியமே இல்லை. ஆனால் அன்றிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பெட்டியைக் கடைசியாகத்தான் திறப்பேன். திறந்ததும் அந்தச் சிவப்புப் புள்ளி இருட்டாக இருந்தால் நான் என்ன சொல்வேன். பல்பு ஃபியூஸ் ஆக எவ்வளவு நேரம். ஒரு பல்பு போனால் ஒரு மகன் போய்விடுவான், அதை அந்த அம்மாவிடம் சொல்கிற வாய் என்னுடையதாக இருக்கும். என்ன மாதிரி வேலை இது என்று ஆத்திரமாக வரும். பெட்டியைத் திறப்பேன். அது சிமிட்டும். "ஓடுதும்மா" என்பேன். எனக்கே மூச்சு வந்தமாதிரி இருக்கும்.

பல்பு போகவே இல்லை. அதுதான் முதலில் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. எங்கள் வீட்டில் புத்தர் படத்துக்கு மேலே தொங்குகிற குட்டி பல்புச் சரத்தை என் வீட்டுக்காரர் வருஷம் தவறாமல் மாற்றுவார். இங்கே, ஆளில்லாத வீட்டில், உப்புக் காற்றில், மாற்ற ஒரு கை இல்லாமல் ஒரு பல்பு எரிந்துகொண்டே இருக்கிறது. நல்ல கம்பெனி பல்பு போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு வெயில் காலத்தில் அந்த அம்மா என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். பூட்டின கதவுக்குப் பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றார். அந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு தேய்ந்து வழவழவென்று இருந்தது. தினம் வைக்கிற கை என்று பார்த்தாலே தெரிந்தது. என்னையும் வைக்கச் சொன்னார். வைத்தேன். சூடான சுவர், அவ்வளவுதான். ஒன்றும் தெரியவில்லை என்றேன்.

"ஷூ போட்டுகினு தொட்டா எப்டி தெரியும்? கழட்டி வச்சிட்டு தொடு," என்றார்.

கோயில் மாதிரி நினைக்கிறார், மரியாதைக்குக் கழற்றச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவரும் அப்படி நினைத்துத்தான் சொன்னார் என்று எனக்குப் பட்டது. வெறுங்காலோடு ஈரச் சிமெண்டுத் தரையில் நின்று கையை வைத்தேன். சுவருக்குள் ஏதோ இருந்தது. மெல்லிய அதிர்வு. தோலுக்கு அடியில் எறும்பு ஊர்கிறமாதிரி, உள்ளங்கையில் தொடங்கி மணிக்கட்டுவரை வந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ கையை வைத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, பார்த்தாயா என்பதுபோல் தலையை ஆட்டினார்.

இன்றைக்கு இதை எழுதும்போது எனக்கே சிரிப்பும் எரிச்சலும் வருகிறது. கரண்டில் வேலை பார்க்கிறவள். சட்டைப் பையில் டெஸ்டர் இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பாதவள். அந்தச் சுவரில் கையை வைத்துவிட்டு எனக்குக் கரண்டு என்கிற சொல் மனதில் வரவே இல்லை. மீட்டர் ஏன் ஓடுகிறது என்பதற்குத்தான் பல்பு என்று பதில் ஏற்கெனவே இருந்ததே. ராயபுரத்துச் சந்துகளில் பழகின எவரும் அதற்கு மேல் தேடமாட்டார்கள். சுவருக்குள் இருந்ததற்கு நானும் அந்த அம்மா சொன்ன பதிலையே எடுத்துக்கொண்டேன். அன்று மீதி வீடுகளை முடிக்காமல் பஸ் ஏறிவிட்டேன். வலது கையை மடியில் வைக்கப் பிடிக்காமல் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டே வந்தேன்.

அடுத்த முறை போனபோது மழைக்காலம். பகலிலேயே விளக்குப் போடவேண்டிய இருட்டு. துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் மழையில் வரிசையாக நின்றுகொண்டிருந்தன, சந்துக்குள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். அந்த அம்மா வாசலில் இல்லை. வழக்கம்போல் "ஓடுதா" என்று கேட்க ஆளில்லாமல் நானே பெட்டியைத் திறந்தேன்.

சிமிட்டல் மாறியிருந்தது. ஆறஅமரச் சிமிட்டிக்கொண்டிருந்த புள்ளி விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. ரீடிங்கும் ஏறியிருந்தது. பூட்டின வீட்டில், ஒரு பல்புக்கு இது எப்படி. உள்ளே யாரோ வந்திருக்கிறார்கள் என்பதுதான் என் முதல் நினைப்பு. ஃபேனைப் போட்டு, விளக்கைப் போட்டு யாரோ புழங்குகிறார்கள். வந்துவிட்டானா என்று நிஜமாகவே நினைத்தேன்.

பின்பக்கம் போனேன். பூட்டு அப்படியேதான் இருந்தது, துருவோடு. ஷீட்டிலிருந்து தண்ணீர் சுவரில் வழிந்துகொண்டிருந்தது. சுவர் மேலிருந்து கீழ்வரை நனைந்து கறுத்திருந்தது. அந்த அம்மா வெறுங்காலோடு தண்ணீரில் நின்று, இரண்டு கையையும் சுவரில் வைத்துக் கன்னத்தையும் அதோடு சேர்த்து வைத்திருந்தார். அவருடைய தோள்கள் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தன. முகத்தில் அப்படியொரு நிம்மதி.

என்னைப் பார்த்ததும் மெதுவாகச் சொன்னார். "மழ வந்தா நல்லா பேசறான்."

அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்குப் புத்தி வந்தது. மழை வந்தால் மீட்டர் வேகமாக ஓடுகிறது. மழை வந்தால் சுவர் பேசுகிறது. ரப்பர் ஷூவைக் கழற்றினால்தான் கைக்குத் தெரிகிறது. டெஸ்டரை எடுத்து எட்டி நின்றபடியே ஈரச் சுவரில் வைத்தேன். பிளக்கில் வைத்தால் எரிகிற மாதிரி அதற்குள் இருக்கிற விளக்கு சிவப்பாக எரிந்தது. கொஞ்சம் தள்ளி வைத்தேன், எரிந்தது. கதவு நிலையில் வைத்தேன், அங்கேயும் எரிந்தது. வீடு முழுக்கக் கரண்டு நின்றுகொண்டிருந்தது, அந்த அம்மா அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் மழை பெய்தால் போதும்.

அவரைத் தொட்டு இழுக்க எனக்குத் தைரியம் இல்லை. கையை எடும்மா, அது கரண்டு, சுவரில் கசிகிறது, செத்துப்போய்விடுவாய் என்று கத்தினேன். எங்கேயோ வயர் உரிந்திருக்கிறது என்றேன். எரிகிற டெஸ்டரைக் காட்டினேன். அவர் கையை எடுக்கவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்கிறமாதிரி எனக்குச் சொன்னார்.

"கரண்டா இருந்தா இன்னா? அவன் போட்ட கரண்டுதானே."

எவ்வளவு நாளாக அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. அவரைக் காப்பாற்ற ஒரே வழிதான் இருந்தது, பின்வீட்டுக் கரண்டை நிறுத்துவது. அது என்ன செய்யும் என்றும் எனக்குத் தெரிந்திருந்தது. வயர்மேனுக்குப் போன் போட்டால் மழைக்கு எங்கோ மரம் விழுந்த இடத்தில் இருப்பான், வர நேரமாகும். வாசலுக்கு ஓடினேன். பலகையில் பின்வீட்டுக்கான பீஸ் கட்டையில் கையை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். மீட்டரில் அந்தப் புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. என் வாழ்க்கையில் எத்தனையோ பீஸைப் பிடுங்குவதைப் பார்த்திருக்கிறேன். அதில் கை வைத்துக்கொண்டு அழுதது அன்றைக்குத்தான்.

பிடுங்கினேன். புள்ளி அணைந்தது.

பின்பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. மழை மட்டும் ஷீட்டில் விழுந்துகொண்டிருந்தது. திரும்பிப் போனபோது அந்த அம்மா அதே இடத்தில் நின்றிருந்தார். கைகள் சுவரிலேயே இருந்தன. தோள்களில் நடுக்கம் இல்லை. கையைக் கொஞ்சம் மேலே நகர்த்தி வைத்துப் பார்த்தார். பக்கவாட்டில் வைத்துப் பார்த்தார். பிறகு கையை எடுத்துத் தன் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"நின்னுபூட்ச்சி," என்றார்.

நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவர்தான் என் தோளைத் தட்டி, நனையாமல் உள்ளே வா என்று கூட்டிப்போனார்.

மழை விட்டபிறகு வயர்மேன் போனான். பூட்டை உடைக்க அந்த அம்மாவே சம்மதித்ததாகச் சொன்னான். உள்ளே பல்பு எப்போதோ எரிந்து கறுத்துப் போயிருந்ததாம். அதற்கு வருகிற வயர் சுவருக்குள் உப்பில் அரித்து, தோல் உரிந்து, வெறும் கம்பியாகக் கிடந்ததாம். அதாவது நான் ஒவ்வொரு முறையும் "ஓடுதும்மா" என்று சொன்னபோது உள்ளே எந்த விளக்கும் எரிந்திருக்கவில்லை. இருட்டு வீடு. சுவர்தான் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. வயர்மேன் இதை டீ குடித்துக்கொண்டே சொன்னான். நான் என் டீயைக் கீழே ஊற்றிவிட்டு எழுந்தேன்.

அடுத்த ரீடிங்குக்கு அந்தச் சந்துக்குப் போகப் பயந்தேன். வேறு யாரையாவது மாற்றிவிடச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் போனேன். சந்து முனையிலேயே பேனர் தெரிந்தது. எங்கள் வடசென்னையில் சாவு வீட்டுக்குப் பேனர் இல்லாமல் இருக்காது. கண்ணீர் அஞ்சலி என்று பெரிய எழுத்து, நடுவில் ஒரு பையனின் படம். பல் தெரியச் சிரிப்பு, கழுத்தில் கறுப்புக் கயிறு. படகு மேல் நின்று எடுத்தது போலிருந்தது. அவனை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இத்தனை காலம் அவன் வீட்டு மீட்டரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

படத்துக்கு ஒரு பக்கம் தோற்றம், இன்னொரு பக்கம் மறைவு. மறைவு என்பதற்குக் கீழே இருந்த தேதியைப் படித்தேன். மறுபடியும் படித்தேன். அது அவன் கடலுக்குப் போன தேதி இல்லை. படகு கவிழ்ந்ததாகச் சொல்லப்பட்ட தேதியும் இல்லை. அந்த மழை நாளின் தேதி. நான் பீஸ் கட்டையைப் பிடுங்கின தேதி.

அங்கேயே நின்றுவிட்டேன். ஒரு ஆட்டோ ஹாரன் அடித்து என்னைத் தள்ளிக்கொண்டு போகாத குறை.

அந்த அம்மா வாசலில் உட்கார்ந்து இறாலை உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டார். நான் கேட்காமலேயே பேனரைப் பற்றிச் சொன்னார். அவன் பெயரில் பூசைக்குக் காசு கொடுக்கப் போனபோது பாதர் இறந்த தேதியைக் கேட்டிருக்கிறார். கடலில் அவன் எந்த நாள், எந்த நேரம் போனான் என்று பெற்றவளுக்கு எப்படித் தெரியும். தெரிந்த தேதி ஒன்றுதான் இருந்தது, அதையே சொல்லிவிட்டேன் என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எழுந்து பெட்டியைத் திறந்தேன். பின்வீட்டு மீட்டரில் எதுவும் சிமிட்டவில்லை. புது வயர் இன்னும் இழுக்கவில்லையாம், அவசரம் என்ன என்றார். ரீடிங்கை ஏற்றிக்கொண்டேன். அவர் ஓடுதா என்று கேட்கவில்லை. கேட்பார் என்று காத்திருந்து, பெட்டியை மூடிவிட்டுக் கிளம்பினேன்.

"வருசப் பூசைக்கு வந்துடு," என்றார். இறாலிலிருந்து கையை எடுக்காமல், என்னை நிமிர்ந்து பார்த்தார். "எம்புள்ள போறப்ப கூட இருந்தது நீயும் நானும்தானே."

வருகிறேன் என்றேன்.